ரோடு பைக் கோக்கும்போது ஹேண்டில்பார் உயரம்: ஸ்டியரர் குழாயில் ரம்பம் வைப்பதற்கு முன்

ஃப்ரேம், ஃபோர்க், சக்கரம், கியர் என்று தனித்தனியாக வாங்கி ரோடு பைக் கோக்கிறவர் செய்யும் தப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு. கேபிள் குட்டையாகிவிட்டதா, வேறு கேபிள். டயர் தடித்துவிட்டதா, வேறு டயர். ஒரே ஒரு வேலைக்குத்தான் மாற்று கிடையாது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்பக்கம் நீண்டு, ஃப்ரேமின் தலைக்குழாய்க்குள் நுழைந்து வெளியே வருகிற ஸ்டியரர் குழாயை அறுப்பது. அறுத்த குழாய் வளராது. ஹேண்டில்பாரை இனி எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு அந்த வெட்டு ஒரு உச்சவரம்பு கட்டிவிடும். வரம்பைத் தாண்ட வேண்டுமானால் புது ஃபோர்க்தான்.

கடையில் கிடைக்கும் படங்களில், ஹேண்டில்பாரை ஸ்டியரர் குழாயோடு இணைக்கும் ஸ்டெம் ஃப்ரேமோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகு. அதைப் பார்த்து முதல் நாளே குட்டையாக அறுப்பவர்கள் இரண்டு மாதம் கழித்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எனவே கணக்கை முதலில் போடுவோம், ரம்பம் பிறகு.

எதிலிருந்து எது வரை உயரம்?

ஹேண்டில்பார் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்பது உடம்புக்குத் தெரியாது. சீட்டின் மேற்பரப்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதுதான் முதுகுக்கும் கைக்கும் தெரியும். இந்த இறக்கத்துக்கு டிராப் என்று பெயர். வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பகுதியையும் டிராப் என்றே சொல்வதால் குழப்பம் வரும். இந்தக் கட்டுரையில் முதலாவதை ‘இறக்கம்’ என்றும், இரண்டாவதை ‘கீழ்வளைவு’ என்றும் வைத்துக்கொள்வோம்.

அளப்பது எளிது. சமதளத்தில், இரண்டு டயரிலும் காற்று சரியாக இருக்கும்போது, நேரான சட்டம் ஒன்றைச் சீட்டின் மேல் வைத்து முன்னால் நீட்டுங்கள். அதன்மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சட்டத்தின் அடியிலிருந்து, ஸ்டெம்முக்குப் பக்கத்தில் ஹேண்டில்பாரின் மேல்விளிம்பு வரை இருக்கும் தூரம்தான் இறக்கம்.

ரோடு பைக்குக்குப் புதியவர்கள் பூஜ்யத்திலிருந்து 4 செ.மீ. இறக்கத்துக்குள் தொடங்கினால் சிக்கல் குறைவு. வாரம் மூன்று நாள் ஓட்டி, முதுகும் தொடையின் பின்தசையும் வளைந்து கொடுப்பவர்களுக்கு 4 முதல் 7 செ.மீ. இயல்பாக அமையும். பந்தயக்காரர்களின் பைக்கில் 10 செ.மீ.க்கு மேலும் பார்க்கலாம். அவர்கள் அதற்காகவே நாள்முழுதும் பயிற்சி எடுப்பவர்கள். அந்த எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். நம் ஊர் இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்தே பழகியவர்களுக்கு, அதாவது ஹேண்டில் சீட்டைவிட உயரமாக இருந்தே பழகியவர்களுக்கு, 3 செ.மீ. இறக்கம்கூட முதல் வாரம் பள்ளத்தில் விழுவதுபோல இருக்கும். அது பழகிவிடும். வலிதான் பழகாது.

முதலில் சீட்

இறக்கத்தின் ஒரு முனை சீட் என்பதால், சீட் உயரம் நிலைக்காமல் ஹேண்டில் உயரம் நிலைக்காது. பைக்கைச் சுவரில் சாய்த்து ஏறி உட்காருங்கள். பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் முழுதாக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும்.

எண்ணாக வேண்டுமென்றால், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு பெருக்கல் இருக்கிறது. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே இடித்துப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்தால் உள்கால் நீளம். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வர வேண்டிய தூரம். 80 செ.மீ. உள்காலுக்கு 70.6 செ.மீ. இது தொடக்கப்புள்ளிதான். ஷூவின் அடித்தடிப்பும் கிராங்க் நீளமும் சில மி.மீ. மாற்றும்.

ஹேண்டில் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளுவது பரவலான தப்பு. சீட்டின் முன்பின் நிலை பெடலுக்கும் முழங்காலுக்கும் உள்ள கணக்கு. ஹேண்டில் எட்டாவிட்டால் ஸ்டெம்மைத்தான் மாற்ற வேண்டும்.

ஃப்ரேம் ஏற்கெனவே பாதி முடிவு செய்துவிட்டது

ஃப்ரேம் விவரத்தாளில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து தலைக்குழாயின் உச்சி செங்குத்தாக எவ்வளவு மேலே என்பது ஸ்டாக். கிடையாக எவ்வளவு முன்னே என்பது ரீச். 54 அளவுள்ள பந்தய ஃப்ரேம்களில் ஸ்டாக் ஏறக்குறைய 540 முதல் 550 மி.மீ. வரும். நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்று வரும் ஃப்ரேம்களில் அதே அளவுக்கு 565 முதல் 590 வரை போகும். இந்த வித்தியாசம் ஸ்டெம்மை உயர்த்த அதன் கீழே போடும் ஸ்பேசர் வளையங்களின் ஒரு முழு அடுக்குக்குச் சமம் என்பதால், நிமிர்ந்து ஓட்ட விரும்புகிறவர் ஃப்ரேம் வாங்கும்போதே பார்க்க வேண்டிய எண் இது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டாக் 545, தலைக்குழாய்ச் சாய்வு 73 டிகிரி, 28 மி.மீ. டயர். கிராங்க் அச்சு தரையிலிருந்து 270 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், தலைக்குழாய் உச்சி 815 மி.மீ. உயரத்தில். அதன்மேல் ஹெட்செட்டின், அதாவது தலைக்குழாயில் இருக்கும் பேரிங் தொகுதியின், மூடி 8 மி.மீ., ஸ்பேசர் 20 மி.மீ., பிறகு 40 மி.மீ. உயரமுள்ள ஸ்டெம்மின் பாதி, அதாவது 20 மி.மீ. மொத்தம் 48. குழாய் சாய்ந்திருப்பதால் செங்குத்தாகக் கிடைப்பது 46. மைனஸ் 6 டிகிரி, 100 மி.மீ. ஸ்டெம் இன்னும் 19 மி.மீ. தூக்கும். ஆக ஹேண்டிலின் நடு 880 மி.மீ. உயரத்தில். 31.8 மி.மீ. தடிப்பில் பாதியைச் சேர்த்தால் மேல்விளிம்பு 896.

சீட் பக்கம்: 706 மி.மீ. தூரம் 73.5 டிகிரிச் சாய்வில் 677 மி.மீ. உயரம் தரும். கிராங்க் உயரம் 270ஐச் சேர்த்தால் 947. இறக்கம் 51 மி.மீ. புதியவருக்குக் கொஞ்சம் அதிகம். அதே ஸ்டெம்மைக் கவிழ்த்து மாட்டினால் 31 மி.மீ. ஆகிவிடும். எதையும் வாங்காமல், எதையும் அறுக்காமல், காகிதத்திலேயே இது தெரிந்துவிடுகிறது.

மைனஸ் 6 என்று போட்டிருக்கும் ஸ்டெம் எப்படி மேலே தூக்கும் என்று சிலர் கேட்பார்கள். ஸ்டெம்மின் கோணம் தரையை வைத்து அல்ல, ஸ்டியரர் குழாய்க்குச் செங்குத்தான கோட்டை வைத்துச் சொல்லப்படுவது. 73 டிகிரியில் சாய்ந்த குழாய்க்குச் செங்குத்தான கோடு தரையிலிருந்து 17 டிகிரி மேல்நோக்கி இருக்கும். அதில் 6 கழிந்தால் 11 டிகிரி மிச்சம். மைனஸ் 17 ஸ்டெம்தான் தரைக்கு இணையாக நிற்கும்.

உயர்த்த என்னென்ன வழி

ஸ்பேசர்கள் 28.6 மி.மீ. குழாயில் நுழையும் வளையங்கள். 3, 5, 10, 20 மி.மீ. தடிப்புகளில் கிடைக்கும். 10 மி.மீ. வளையம் ஒன்றைக் கீழே சேர்த்தால் ஹேண்டில் ஒன்பதரை மி.மீ. உயர்ந்து, 3 மி.மீ. உங்கள் பக்கம் வரும். குழாய் பின்னால் சாய்ந்திருக்கிறது, அதனால்தான். கார்பன் ஸ்டியரராக இருந்தால் ஸ்டெம்முக்குக் கீழே எவ்வளவு ஸ்பேசர் போடலாம் என்று ஃபோர்க் தயாரிப்பாளர் ஒரு எல்லை சொல்லியிருப்பார். பல ஃபோர்க்குகளில் அது 30, 40 மி.மீ. அளவில் இருக்கும். உங்கள் ஃபோர்க்கின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே சட்டம். அடுக்கு உயர உயர, பிரேக் போடும்போது குழாயை வளைக்கும் நெம்புகோலும் நீள்கிறது.

ஸ்டெம்மைக் கவிழ்ப்பது அடுத்த வழி. மேலே சொன்ன 100 மி.மீ. ஸ்டெம் மைனஸ் 6இலிருந்து பிளஸ் 6ஆக மாறினால் 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. பின்னால் வரும். கணக்குப் பார்த்தால் 21 மி.மீ. ஸ்பேசர் சேர்த்ததும் இதுவும் ஒன்றுதான். கவிழ்த்த ஸ்டெம் அசிங்கம் என்று ஒரு பேச்சு உண்டு. அசிங்கம் என்று பார்த்தால் வலித்த கழுத்தோடு வளைந்து நெளிந்து ஓட்டுவது அதைவிட அசிங்கம். உயரம் சரியாகி ஹேண்டில் கொஞ்சம் நெருங்கிவிட்டதாகத் தோன்றினால் 10 மி.மீ. நீளமான ஸ்டெம் போட்டு ஈடுகட்டலாம்.

கீழ்வளைவு மட்டும் எட்டவில்லை, மேலே எல்லாம் சௌகரியம் என்றால் ஸ்டெம்மைத் தொட வேண்டாம். பழைய ஹேண்டில்பார்களில் கீழ்வளைவு 140, 150 மி.மீ. ஆழம் இருக்கும். இப்போது வரும் காம்பாக்ட் வகையில் 125 மி.மீ. அளவுதான். ஹேண்டிலை மாற்றினால் கீழ்ப்பிடி மட்டும் 2 செ.மீ. மேலே வரும். ஹேண்டிலை முன்பக்கம் மேலே ஏறும்படி சுற்றிவைத்து உயரம் காட்டுவது ஏமாற்று வேலை. பிரேக் லீவரின் தலை உயரும், ஆனால் கீழ்வளைவின் முனை தரையைப் பார்க்கும், கீழே பிடித்தால் லீவர் விரலுக்கு எட்டாது.

பழைய ஸ்டீல் ஃப்ரேமில் கோக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் ஸ்டெம்மின் தண்டே குழாய்க்குள் இறங்கியிருக்கும், ஆப்பு வைத்துப் பிடித்திருக்கும். மேலே உள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு விடும். வேண்டிய உயரத்தில் நிறுத்தி இறுக்கலாம். தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியக் கூடாது என்பது மட்டும் விதி.

அறுப்பதை இரண்டாகப் பிரியுங்கள்

புது ஃபோர்க்கின் குழாய் பெரும்பாலும் 300 மி.மீ. நீளத்தில் வரும். மேலே கணக்கிட்ட பைக்குக்குத் தலைக்குழாய் 140 மி.மீ. என்று வைத்தால், மூடி 8, ஸ்பேசர் 20, ஸ்டெம் 40, ஸ்டெம்முக்கு மேல் ஒரு 5 மி.மீ. ஸ்பேசர், எல்லாம் சேர்ந்து 213. அதில் 3 கழித்து 210. இது கடைசி நீளம். முதல் வெட்டில் 225 விடுங்கள். மிச்சம் 15 மி.மீ.க்கு ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் போட்டு மூடிவிடலாம். ஓட்டிப் பார்க்கும் காலத்தில் அந்த வளையங்களை மேலும் கீழும் மாற்றி உயரத்தைத் தேடலாம். உயரம் நிலைத்த பிறகு இரண்டாவது வெட்டு.

கார்பன் குழாயில் இந்த மிச்சத்தை இஷ்டத்துக்கு விட முடியாது. குழாய்க்குள் விரிந்து பிடிக்கும் பிளக் ஒன்று மேலிருந்து இறங்கியிருக்கும். குழாயின் உச்சியில் வரும் மேல்மூடியின் போல்ட்டுக்குப் பிடி கொடுப்பதோடு, ஸ்டெம் நெரிக்கும் இடத்தில் குழாய் நசுங்காமல் உள்ளிருந்து தாங்குவதும் அதன் வேலை. பிளக் 25 மி.மீ. நீளம், ஸ்டெம்முக்கு மேல் 30 மி.மீ. ஸ்பேசர் என்றால், பிளக் ஸ்பேசருக்குள் சும்மா இருக்கும், ஸ்டெம் வெற்றுக்குழாயை நெரிக்கும். விரிசல் விழுவது அங்கேதான். நீளமான பிளக் வாங்குங்கள், மேலே மிச்சத்தைக் குறைவாக வையுங்கள். அலுமினியம், ஸ்டீல் குழாய்க்கு நட்சத்திர வடிவ நட் ஒன்றை விளிம்பிலிருந்து 15 மி.மீ. கீழே அடித்து இறக்குவார்கள். அதைக் கார்பன் குழாயில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. உட்சுவரைக் கீறிக் கிழித்துவிடும்.

கூட்டல் கணக்கை நம்பி நேராக அறுக்கவும் வேண்டாம். கீழ்ப்பக்க பேரிங்கின் அடிவளையமும் ரப்பர் சீலும் ஒன்றிரண்டு மி.மீ. சேர்த்துவிடும். ஃபோர்க், பேரிங், மூடி, ஸ்பேசர், ஸ்டெம், மேல் ஸ்பேசர் எல்லாவற்றையும் மாட்டி, ஃபோர்க்கைக் கீழிருந்து நன்றாக அழுத்திப் பிடித்து, மேல் ஸ்பேசரின் விளிம்பை ஒட்டிக் குழாயில் கோடு போடுங்கள். வெட்டுக்கோடு அதற்கு 3 மி.மீ. கீழே. இப்படிச் செய்தால் குழாய் ஸ்டெம்மைத் தாண்டி 2 மி.மீ. மேலே நிற்கும், ஸ்டெம்மின் பிடி முழுதும் குழாயின்மேல் விழும்.

வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, பிளேடை நேராக ஓடவைக்கும் வழிகாட்டியில் பிடித்து, இஞ்சுக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடால் மெதுவாக அறுக்கலாம். வழிகாட்டி இல்லாவிட்டால் ஒரு பழைய ஸ்டெம்மைக் கோட்டில் இறுக்கி அதையே விளிம்பாக வைத்துக்கொள்ளலாம். கார்பனில் முகக்கவசம் கட்டாயம். பிளேடையும் இடத்தையும் ஈரமாக வைத்தால் தூள் பறக்காது. முக்கால்வாசி அறுத்த பிறகு குழாயைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து அறுங்கள், இல்லையென்றால் கடைசி இழைகள் பிய்ந்து வரும். பிறகு மெல்லிய உப்புத்தாள். உலோகக் குழாய்க்கு உள்ளும் புறமும் அரம் போட்டுப் பிசிறு எடுத்தால் போதும்.

இறுக்கும் வரிசை

மேல்மூடியின் போல்ட் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்வதற்கு அல்ல. பேரிங்குகளுக்கு அழுத்தம் கொடுத்து ஆட்டத்தை எடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பிடித்துக்கொள்வது ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள். எனவே பக்க போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போதுதான் மூடியை இறுக்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்து பைக்கை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹெட்செட் மூடிக்குக் கீழே விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் நிற்கும் வரை கால் சுற்று, கால் சுற்றாக மேல்மூடியை இறுக்குங்கள். முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தன் எடையிலேயே பக்கத்துக்குச் சாய வேண்டும். நடுவில் ஒட்டிக்கொண்டால் அதிகமாகிவிட்டது. பிறகு ஸ்டெம்மை முன்சக்கரத்தோடு நேராக்கி, பக்க போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியே இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொட வேண்டாம்.

எவ்வளவு இறுக்கினாலும் டக் டக் என்று ஆட்டம் போகவில்லையா? அநேகமாகக் குழாய் உயரமாக இருக்கிறது, மேல்மூடி ஸ்பேசரை அழுத்தாமல் குழாயின் விளிம்பில் முட்டி நிற்கிறது. 3 மி.மீ. தாழ்வு எதற்கு என்பது இப்போது புரியும். மேலே இன்னொரு 3 மி.மீ. ஸ்பேசர் போட்டால் தீர்ந்துவிடும்.

ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மின் முன்தட்டில் உள்ள நான்கு போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி இறுக்குங்கள். சில ஸ்டெம்களில் மட்டும் மேல் போல்ட்டுகளை முழுக்க மூடிவிட்டுக் கீழே இறுக்கச் சொல்லியிருப்பார்கள். கார்பன் ஹேண்டிலுக்கு கிரீஸ் தடவாதீர்கள். சொரசொரப்பான கார்பன் பேஸ்ட் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் பிடிக்கும்.

கேபிள்களை அறுக்கும்போது ஹேண்டில் அதன் மிக உயரமான நிலையில் இருக்கட்டும், இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். தாழ்ந்த நிலைக்கு அளந்து அறுத்துவிட்டால், பிறகு 2 செ.மீ. உயர்த்தியதும் ஹேண்டில் திரும்பும்போது கேபிள் இழுத்து கியர் தானாக மாறும்.

உடம்பு சொல்வதைப் பிரித்துக் கேட்பது

ஒரு மணி நேரத்துக்குக் குறையாத மூன்று நான்கு ஓட்டத்துக்கு அப்புறம் முடிவெடுங்கள். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டாம். கழுத்தின் பின்புறம் பிடிப்பது, கீழ்வளைவைத் தொடவே மனம் வராதது, சீட்டின் மூக்கு முன்னால் குத்துவது ஆகியவை ஹேண்டில் தாழ்வு என்று சொல்லும். ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி அலைவது, வளைவில் முன்பக்கம் பிடிமானம் இல்லாததுபோல் இருப்பது, பள்ளம் ஒவ்வொன்றும் அடிமுதுகில் இறங்குவது எல்லாம் மிகையான உயரத்தின் அடையாளம்.

உள்ளங்கை மரத்துப்போவதை மட்டும் உடனே உயரத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுதும் கையில் விழும். முதலில் ரசமட்டம் வைத்துச் சீட்டைச் சமன்படுத்துங்கள், பிறகு ஸ்பேசரைத் தொடுங்கள். தோள்பட்டை இறுகி, முழங்கை மடியாமல் நீட்டியபடியே இருந்தால் அது பெரும்பாலும் உயரம் அல்ல, தூரம்: 10 மி.மீ. குட்டையான ஸ்டெம் கேட்கிறது.

கேபிள்களும் பிரேக் குழாய்களும் ஹெட்செட்டுக்குள் புகுந்து மறையும் புது ஃப்ரேம்களில் இந்தத் தேடல் செலவு பிடித்தது. அவற்றில் இரண்டாகப் பிளக்கும் ஸ்பேசர்கள் வருவதால் வளையம் எடுக்கலாம். ஆனால் கம்பிகள் ஸ்டெம்முக்குள்ளேயே ஓடும் வகையில், ஸ்டெம்மை மாற்ற ஹைட்ராலிக் குழாயைக் கழற்றி, மறுபடி மாட்டி, காற்று எடுக்க வேண்டியிருக்கும். அந்த வகை ஃப்ரேமில் கோக்கிறவர்கள், வேறொரு பைக்கில் வெளியே தெரியும் ஸ்டெம்மை வைத்து உயரத்தையும் தூரத்தையும் முதலில் கண்டுபிடித்துவிட்டு, சீட் உயரம், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில் நடு வரை உள்ள தூரம், இறக்கம் என்ற மூன்று எண்களோடு ஃப்ரேம் பெட்டியைத் திறப்பது நல்லது.